ஆழியாறும் ஒரு வகுத்தல் கணக்கும்

எங்கள் ஆனைமலைப் பக்கம் காலையில் பேப்பர் வந்ததும் ஆழியாறு அணை நிலவரத்தைத்தான் முதலில் பார்ப்போம். முழு உயரம் 120 அடி. நீர்மட்டத்தை அளவுகோலில் படித்துவிடலாம். நீர்வரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளில் இருப்பு 86.4 லட்சம் கன அடி கூடியிருந்தால், 86,400 விநாடியால் வகுக்க 100 வரும். திறந்துவிட்டது விநாடிக்கு 200 கன அடி என்றால், ஆவியானதை விட்டுவிட்டுப் பார்த்தால் வரத்து 300.

1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குப் போக வேண்டும். கணக்குப் பிசகினால் இரண்டு பக்க விவசாயிகளுக்கும் வயிற்றெரிச்சல்தான்.

பிசகு எனக்கும் பழக்கம். வேலையில் இருந்தபோது விஎம்வேர் கண்காணிப்பு மென்பொருளில், 'சூப்பர் மெட்ரிக்' என்று நாமே சூத்திரம் எழுதிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரு மெய்நிகர் கணினி பிராசசருக்காகக் காத்திருந்த நேரம், 20 விநாடியில் 4,000 மில்லி விநாடி. 20 சதவீதம் என்று ராத்திரியில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அது நான்கு பிராசசர்களின் கூட்டுத்தொகை. நாலால் வகுத்தால் வெறும் 5.

இப்போதெல்லாம் பேப்பரில் நீர்வரத்தைப் பார்த்தால், எதை எதால் வகுத்தார்களோ என்றுதான் மனசு முதலில் கேட்கிறது.