பங்கு என்ற சொல்லும் மார்க்கம் பொற்கோபுரங்களும்

றிச்மண்ட் ஹில் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கோபுரங்களைத் தெரியாமல் இருக்காது. 404 நெடுஞ்சாலையால் வடக்கே போகும்போது மேஜர் மக்கென்சி வீதி கழிந்ததும் கிழக்குப் பக்கமாக, வீட்டுக் கூரைகளுக்கு மேலே மூன்று தங்கக் குமிழ்கள் தெரியும். எங்கட ஆட்களில் பலர் அதை ரஷ்யக் கோயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிவாசல் என்று சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டும் இல்லை. அது ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் றிச்மண்ட் ஹில், அந்தப் பக்கம் மார்க்கம். ஆகவே நகரசபைக் கணக்கில் அது மார்க்கத்துக்குச் சொந்தம். பெயர் உருமாற்றப் பேராலயம்.

இதைக் கட்டியவர் ஸ்டீவன் றோமன். 1921இல் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் வெல்கி ருஸ்கோவ் என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். 1937இல், பதினாறு வயதில் கனடாவுக்கு வந்தார். நாங்கள் வந்து செய்தது போலவே கிடைத்த வேலைகளைச் செய்தார். பிறகு சுரங்கத் தொழிலில் இறங்கினார். வட ஒன்ராறியோவில் எலியட் லேக் என்ற இடத்தில் யுரேனியம் கிடைத்தது. அவருடைய டெனிசன் நிறுவனம் உலகின் பெரிய யுரேனியச் சுரங்கங்களில் ஒன்றை நடத்தியது. அமெரிக்கா அணுகுண்டுக்கு யுரேனியம் தேடி அலைந்த காலம் அது. பணம் குவிந்தது. மார்க்கத்தில் பெரிய மாட்டுப்பண்ணையும் வைத்திருந்தார். அந்தப் பண்ணை நிலத்தில்தான் இந்தக் கோயில் எழுந்தது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லவேண்டும். ஸ்லோவாக்கியர்களில் ஒரு பகுதியினர் கிரேக்கக் கத்தோலிக்கர். பாப்பரசரை ஏற்றுக்கொண்டவர்கள், ஆனால் வழிபாடு கிழக்கத்திய பைசாந்திய முறை. பீடத்துக்கு முன்னால் திருவோவியங்கள் நிறைந்த தடுப்பு ஒன்று இருக்கும். கேரளத்தின் சீரோ மலபார் சபை தனக்கென்று ஒரு வழிபாட்டு முறை வைத்துக்கொண்டே ரோமையுடன் இணைந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1950இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் அரசு இந்தச் சபையைச் சட்டவிரோதமாக்கியது. கோயில்கள் ஓர்த்தடொக்ஸ் சபையிடம் கொடுக்கப்பட்டன. பிரெஷோவ் ஆயர் பாவொல் கோய்திச் சிறையிலேயே 1960இல் இறந்துபோனார். 1968இல்தான் சபைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஊரில் நெரிக்கப்பட்ட சபைக்கு வெளிநாட்டில் ஒரு தலைநிமிர்வு வேண்டும் என்ற ஏக்கம் எங்களுக்கு விளங்காததல்ல. 1980இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ரொறன்ரோவில் ஸ்லோவாக்கியர்களுக்கென்று ஒரு மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். 1984 செப்ரெம்பர் 15இல், கனடாவுக்கு வந்திருந்தபோது, அவரே இந்த இடத்துக்கு வந்து ஆலயத்தை ஆசீர்வதித்தார். அப்போது கட்டடம் முடிந்திருக்கவில்லை.

வரைபடம் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் டொனல்ட் பட்ரஸ் என்பவருடையது. பின்னாளில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். றோமன் அவரிடம் கேட்டது தன் ஊர்க் கோயிலை. அந்தச் சின்னக் கிராமக் கோயிலின் சாயல்தான் இது. ஆனால் அளவு? நடுவில் உள்ள மணிக்கோபுரம் ஏறத்தாழ 63 மீற்றர், அதாவது இருபது மாடி உயரம். இரண்டு பக்கமும் சிறிய கோபுரங்கள். மூன்றுக்கும் வெங்காய வடிவக் குமிழ்கள், மேலே தங்கத் தகடு. மணிகள் பிரான்சில் வார்க்கப்பட்டவை. உள்ளே பீடத்துக்கு மேலே கன்னி மரியாளின் பெரிய மொசைக் சித்திரம். ஊரைப் பிரிந்தவனுடைய நினைவில் ஊர்க்கோயில் வருடாவருடம் வளரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1988இல் றோமன் காலமானார். கோயில் அப்போதும் முடியவில்லை. குடும்பம் வேலையைத் தொடர்ந்தது. சுற்றியிருந்த பண்ணை நிலம் கதீட்ரல்ரவுண் என்ற குடியிருப்பானது. ஆனால் கோயிலை வைத்திருந்த அறக்கட்டளைக்கும் மறைமாவட்டத்துக்கும் இடையே பிணக்கு முற்றியது. 2006இல் திருப்பொருட்கள் அகற்றப்பட்டு வழிபாடு நின்றது. பேராலயம் என்ற தகுதியும் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பல வருடங்கள் பூட்டிக் கிடந்தபின், அரபு மொழி பேசும் மெல்கைட் கத்தோலிக்கர்களின் பங்கு ஒன்று அங்கே வழிபட வந்தது. லெபனான், சிரியா பக்கத்து மக்கள். அவர்களும் போரைக் கண்டவர்கள். ஸ்லோவாக்கிய மறைமாவட்டமோ 2022இல் தகுதி குறைக்கப்பட்டு, அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பேராயத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

ஒரு மனிதன் தன் ஊர் மக்களுக்காகக் கட்டிய கோயிலில் வேறு மொழியில் பூசை நடந்தது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது.

கத்தோலிக்கத் தமிழில் ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தைப் பங்கு என்கிறோம். பங்குத்தந்தை, பங்குமக்கள்... சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோய் அதன் அர்த்தத்தை மறந்துவிட்டோம். பங்கு என்றால் பகிர்ந்து எடுத்தது. கரையோர ஊர்களில் கோயிலுக்கென்று மீன்பாட்டில் ஒரு பகுதியை ஒதுக்கியவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. கல்லும் சுண்ணாம்பும் அவரவர் வீட்டிலிருந்து வந்தவை. மார்க்கத்தில் பணம் ஒருவருடையது, நிலமும் அவருடையது, கனவும் அவருடையது. மற்றவர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு இருந்தது?

மடுவை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து சனங்கள் காட்டுக்குள் கொண்டு ஓடியது ஒரு சிறிய மாதா சுருவத்தை மட்டுந்தான் என்பது மரபு. இப்போதுள்ள பெரிய ஆலயத்தின் வேலை 1872இல்தான் தொடங்கியது. அதாவது இருநூறு வருடம் கட்டடம் பெரிதாக இல்லாமலே பங்கு இருந்தது. 2008 ஏப்பிரலில் சண்டை மடுவை நெருங்கியபோதும் அதேதான் நடந்தது. ஆலயத்தை விட்டுவிட்டு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நவாலி தேவாலயத்தில் 1995 யூலை 9இல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. மிஞ்சியவர்கள் கூடியதால்தான் அது இன்றும் பங்கு.

இப்போது நாங்களும் ரொறன்ரோவைச் சுற்றிக் கோயில்களும் மண்டபங்களும் கட்டுகிறோம், வாங்குகிறோம். சைவமும் வேதமும் ஒன்றுதான் இந்த விசயத்தில். கோபுரம் எத்தனை அடி, வாகனத் தரிப்பிடம் எத்தனை என்று பேசுகிற கூட்டங்களில் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். இதிலே எங்கள் பிள்ளைகளின் பங்கு என்ன? அவர்கள் கையால் ஒரு கல்லாவது வைக்கிறார்களா, இல்லை நாங்கள் எங்கள் ஊர் ஞாபகத்தை அவர்கள் தலையில் வைக்கிறோமா? முப்பது வருடம் கழித்துத் திறப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு இப்போதே பதில் வேண்டும். தங்கத் தகடு அதற்குப் பிறகு ஒட்டலாம்.