தலைமைக்கு நிறம் உண்டோ?

துடுப்பாட்டக் களத்திலே பந்தை வீசுவது ஒருவர் பணி. எவர் எப்பொழுது வீசவேண்டுமெனத் தீர்மானிப்பது இன்னொருவர் பணி. இவ்விரண்டுக்குமிடையே மேற்கிந்தியத் தீவுகளில் நிறம் என்னும் வேலி நெடுங்காலம் நின்றது. அது வீழ்ந்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை 1830களில் ஒழிந்தது. எனினும், கறுப்பர் உடல்வலிமை மிக்கவர், சிந்தித்து நடத்த வல்லவர் வெள்ளையரே என்ற எண்ணம் ஒழியவில்லை. அது விளையாட்டரங்கினுள்ளும் புகுந்தது. 1928இல் அவ்வணி முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது. அன்றுதொட்டு மூன்று தசாப்தங்களுக்கு மேலாகத் தலைமை வெள்ளையரின் உரிமைபோலவே இருந்துவந்தது. ஓட்டங்களைக் குவித்த ஜோர்ஜ் ஹெட்லிகூட 1948இல் ஒரேயொரு டெஸ்டிலேதான் தலைவரானார்.

பிராங் வொறெல் 1924இல் பாபடோஸிற் பிறந்தவர். 1950-51இல் பொதுநலநாடுகள் அணியோடு இந்தியாவுக்கும் நமது நாட்டுக்கும் வந்தவர். தலைவர் ஏம்ஸ் ஆடாதபோது அவ்வணியைத் திறம்பட நடத்தியவர். ஆயினும் 1955இல் மேற்கிந்திய அணித்தலைவர் ஸ்டோல்மயர் காயமுற்றபோது, பொறுப்பு வொறெலினும் இளையவரான டெனிஸ் அற்கின்சனுக்கே சென்றது.

1960இல் திரினிடாட்டிலே 'நேஷன்' பத்திரிகையின் ஆசிரியர் சீ. எல். ஆர். ஜேம்ஸ் இவ்வநீதியை எதிர்த்து எழுதினார். அவ்வாண்டே வொறெல் அவுஸ்திரேலியப் பயணத்துக்குத் தலைவரானார். பிறிஸ்பேனில் நிகழ்ந்த முதலாட்டம் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. தொடரில் 2-1 எனத் தோற்றபோதும், மெல்பேண் வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அவ்வணியை வழியனுப்பினர். முன்னைய தலைவர் ஜெரி அலெக்சாந்தர் வொறெலின் கீழ் மனமுவந்து ஆடி, துடுப்பாட்டச் சராசரியில் தம் அணியின் முதலிடத்தைப் பெற்றார். 1963இல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-1 என அவ்வணி வென்றது. 1967இல், 42ஆவது வயதில், வொறெல் மறைந்தார்.

வேலியிட்டவர் வஞ்சகர் மட்டுமல்லர். பழகிய எண்ணத்தை ஆராயாது ஏற்ற நல்லவரும் அவர்களுள் இருந்தனர். பாடசாலை அதிபரென்ற முறையில் இதனை நான் அச்சத்தோடு நினைக்கிறேன். மாணவர் தலைவனைத் தெரிவுசெய்கையில், 'இவன் ஓடத்தான் வல்லவன்' என எண்ணி ஒரு பிள்ளையை ஒதுக்கிய குற்றம் எனக்கும் உண்டு. அவனுக்கு அனுபவமில்லை என்றேன். அனுபவம் பெற நான் இடமளித்ததில்லை என்பதை அன்று மறந்தேன்.

நீரில் இறங்கவிடாது தடுத்தவனை, நீந்தத் தெரியாதவன் எனப் பழித்தல் நீதியாகுமோ?