திரை உறங்கலாம், கணினி உறங்கலாகாது

தில்லியின் மோதி பாக் குடியிருப்புகளை அடுத்து, ராமகிருஷ்ணபுரம் முதல் செக்டாரில் சேவா பவன் என்னும் அரசு அலுவலகக் கட்டடம் உள்ளது. மத்திய மின்சார ஆணையம் இயங்குவது அங்கேதான். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச் 1 அன்று தோன்றிய எரிசக்தித் திறன் பணியகத்தின் முகவரியும் அதுவே. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்படும் அதன் நட்சத்திர முத்திரையை நாடே அறியும். மடிக்கணினிக்கும் அத்தகைய முத்திரை உண்டு என்பதைப் பலர் கவனித்ததில்லை. கணினியைப் பொறுத்தவரை மின்சிக்கனத்தின் முதல் விதி எளிமையானது: பயன்பாட்டில் இல்லாதபோது அது உறங்க வேண்டும்.

பயன்பாட்டில் இல்லை என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? விசைப்பலகையும் சுட்டியும் அசையாதிருந்தால் ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் வேலை இல்லை என்று கொள்வதே நெடுங்கால வழக்கம். வன்தட்டுச் சோதனை இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. 10 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரு தட்டை வினாடிக்குச் சராசரியாக 200 மெகாபைட் வேகத்தில் முழுவதும் படித்து முடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் விசைப்பலகையை யாரும் தொடுவதில்லை. ஆனால் கணினி அப்போதுதான் தன் மிக நீண்ட வேலையில் ஈடுபட்டிருக்கிறது.

திரையை அணைக்கும் பழக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தோன்றியதன்று. அன்றைய சி.ஆர்.டி. திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் உட்புறப் பாஸ்பர் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து, அழியாத் தழும்பு விழும். இதைத் தவிர்க்க ஜான் சோச்சா என்பவர் எழுதிய சிறு நிரல் 1983 டிசம்பரில் சாஃப்டாக் இதழில் வெளிவந்தது. மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் அது திரையைக் கறுப்பாக்கியது. காப்பாற்றப்பட்டது கண்ணாடிக்குழாய், மின்செலவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அந்தப் பேச்சு 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எனர்ஜி ஸ்டார் திட்டத்துடன் வந்தது. முதலில் முத்திரை பெற்றவை கணினிகளும் திரைகளுமே. சும்மா இருக்கும் கணினி 30 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அன்றைய வரம்பு. அரசு அலுவலகங்கள் அத்தகைய கணினிகளையே வாங்க வேண்டும் என்று 1993 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் ஆணையிட்டார். அதே ஆண்டு வீசா அமைப்பு வகுத்த டி.பி.எம்.எஸ். நெறி, திரைக்கு மட்டும் தனியே உறங்கும் முறையைக் கற்றுத்தந்தது. முழு இயந்திரத்துக்கும் உறக்கநிலைகளை வகுத்த ஏ.சி.பி.ஐ. நெறி 1996 டிசம்பரில் வந்தது. இரண்டும் வெவ்வேறு உறக்கங்கள். ஆனால் பயனாளர் முன் இரண்டும் ஒரே அமைப்புப் பலகையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே மாதிரியான நிமிடக் கணக்கோடு வைக்கப்பட்டன. இன்றுவரை நீடிக்கும் குழப்பத்துக்கு இந்த அடுக்கிவைப்பே பெரிய காரணம் எனலாம்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் ஸ்கேன்டிஸ்க்கை இயக்கியவர்களுக்கு இதன் விளைவு நினைவிருக்கும். சோதனை நடக்கும்போது வேறு நிரல் ஏதேனும் அதே வட்டில் எழுதினால், ஸ்கேன்டிஸ்க் முதலிலிருந்து தொடங்கிவிடும். பத்து முறை அவ்வாறு தொடங்கியபின் எச்சரிக்கை ஒன்று தோன்றும். திரைக்காப்பான் எழுந்து ஓடுவதே இதற்குப் போதுமான தூண்டுதல். எனவே நீண்ட சோதனைக்கு முன் திரைக்காப்பானை நிறுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவுறுத்தியது. கண்ணாடியைக் காக்க வந்த நிரல் தட்டைக் காக்கும் நிரலை இரவு முழுவதும் அலைக்கழித்தது.

பிற்காலச் சோதனைமுறை இந்தத் தொல்லையிலிருந்து ஓரளவு விடுபட்டது. ஸ்மார்ட் எனப்படும் நுட்பத்தில் நீள்சோதனையை நடத்துவது தட்டுக்குள் இருக்கும் சிற்றறிவே. கணினி ஆணையிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸில் இதற்கான ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை 2002இல் தொடங்கியவர் புரூஸ் ஆலன். அவர் ஈர்ப்பலை ஆய்வு செய்யும் இயற்பியலாளர். தரவைச் சேமித்த நூற்றுக்கணக்கான தட்டுகளைக் கண்காணிக்கும் தேவை அவருக்கு இருந்தது. மக்களின் ஓய்வுநேரக் கணினிகளைத் திரைக்காப்பான் வடிவில் ஆய்வுக்குப் பயன்படுத்தும் ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டத்தை 2005இல் தொடங்கியவரும் அவரே.

இம்முறையில் திரை அணைவதால் சோதனைக்கு எந்தக் கேடும் இல்லை. கணினி உறங்கினால்தான் கேடு: தட்டுக்கு மின்சாரம் நின்று, சோதனை பாதியில் முறிந்ததாகப் பதிவாகும். யூஎஸ்பி பெட்டியில் அடைத்த தட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினியிடமிருந்து கேள்வி எதுவும் வராவிட்டால் சில பெட்டிகள் தாமாகவே தட்டின் சுழற்சியை நிறுத்திவிடும். அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை விசாரித்துக்கொண்டிருக்கும் உத்தி வழக்கில் வந்தது. பகலில் மட்டுமன்றி, ஆள் உறங்கும் இரவிலும்.

முறிந்த சோதனையால் என்ன இழப்பு? கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. மேற்பரப்பைப் படிக்கையில் முதல் பிழை தென்பட்ட தட்டு அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு. கள ஆய்வு ஒலிப்பதிவுகளையும் சுவடிப் படிமங்களையும் ஒரே தட்டில் வைத்திருக்கும் ஆய்வு மாணவருக்கு அந்த முதல் பிழையைக் காண்பதும் காணாமல் விடுவதும் ஒன்றல்ல. அதே கட்டுரை வேறொன்றையும் சொல்கிறது: செயலிழந்த தட்டுகளில் 36 விழுக்காடு, வெப்பநிலை நீங்கலாக, ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த அறிகுறியும் காட்டவில்லை. சோதனை தேறியது என்பதற்காக இரண்டாம் படியை எடுக்காமல் விடுவது பேதைமை.

இந்தியச் சூழலில் திரையை அணைப்பதற்கு வேறு நியாயமும் இருந்தது. 15 அங்குலச் சி.ஆர்.டி. திரை ஒன்று 70 முதல் 100 வாட் வரை இழுக்கும். மின்வெட்டு நேரத்தில் சிறிய யூபிஎஸ் ஒன்றை நம்பி ஓடும் சோதனைக்கு, திரையின் பொத்தானை அணைப்பதே கூடுதல் நிமிடங்களைத் தந்தது. 2012 ஜூலை 30, 31 போல மின்தொகுப்பே சரிந்த நாளில் அந்த நிமிடங்களாலும் பயனில்லை என்பது வேறு.

கறுத்த திரையின் ஆபத்து இயந்திரத்துக்கல்ல, பார்ப்பவருக்கு. அறைக்குள் வருபவர் கணினி நின்றுவிட்டது என்றெண்ணி மின்சுவிட்சை அணைக்கக்கூடும். திரையில் வந்த பிழைச்செய்தி எவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும். முடிவுகளைக் கோப்பில் பதியச் செய்வதும், திரைமேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவைப்பதும் இதனால்தான். லினக்ஸ் கருவகம் எழுத்துத்திரையைப் பத்து நிமிடத்தில் கறுப்பாக்கும் வழக்கத்தை நெடுங்காலம் தொடர்ந்தது. தட்டைத் திரைகளில் பாஸ்பர் தேயும் பேச்சே இல்லை. ஆனால் இயந்திரம் முடங்கும் நேரத்தின் கடைசிச் செய்தி அந்தக் கறுப்பில் மறைந்துபோனது. 2017இல் வந்த 4.12 பதிப்பில் அந்த 600 வினாடி, சுழியமாக மாற்றப்பட்டது.