ஹான்ஸ் பேர்கரும் மனச்சிதைவு நோயாளரும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் புகழை ஓர் ஏட்டிலும், அவர் வாழ்ந்த நாட்டின் அரசியலை வேறோர் ஏட்டிலும் பதிந்துவைப்பர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்க முற்படும் எம்போன்றோர்க்கு, விஞ்ஞானத்தில் அரசியலைக் கலக்கிறோம் என்ற பழியே மிஞ்சுகிறது. மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவுசெய்த ஜேர்மானிய உளமருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் பேர்கரின் (1873–1941) கதை நெடுங்காலம் முதல் ஏட்டில் மட்டுமே இருந்துவந்தது. அக்கதையின்படி அவர் தம் நாட்டவரால் மதிக்கப்படாத மேதை, நாசிகளை வெறுத்தவர், 1938இல் அவர்களாற் பதவியிலிருந்து துரத்தப்பட்டவர், மனமுடைந்து மாண்டவர். நரம்பியல் நூல்கள் பல இதனைச் சில வரிகளிற் கூறி அப்பாற் செல்லும். படிக்கும் மாணவனின் உள்ளம் உருகும். ஆனால் கதையிற் பாதி பொய்.

பேர்கரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடல் தகாது. இளமையில் வூர்ஸ்பேர்க் நகரிற் படைப்பயிற்சி பெற்றுவந்தபோது அவர் குதிரையிலிருந்து வீழ்ந்து, பீரங்கி வண்டியின் சில்லில் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே, மகன் நலமா என வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவிலிருந்த சகோதரி, அவருக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டதென உணர்ந்து தந்தையை வற்புறுத்தினாராம். உள்ளத்தோடு உள்ளம் பேசும் சக்தியொன்று உண்டென்று பேர்கர் நம்பத் தொடங்கினார். அதன் இயல்பை அறியவே மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். நம்பிக்கை பிழையானது; ஆயினும் அது அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் சரியானது. விஞ்ஞான வரலாற்றில் இது புதுமையன்று.

1897இல் யேனா நகரின் உளமருத்துவமனையிற் சேர்ந்த அவர் 1919இல் அதன் தலைவரானார். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்பதை லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சட் கேற்றன் 1875இலேயே காட்டியிருந்தார். மனிதனிடத்தில் அதனைக் காண்பது எவ்வாறு? தலைத்தோலின் மேற் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் இலட்சத்திற் சில கூறுகளே. 1924ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், தலையிற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 17 வயது இளைஞன் ஒருவனிடத்து, கல்வனோமானியின் இழை நடுங்குவதை அவர் கண்டார். கண்டும் ஐந்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. அந்நடுக்கம் மூளையினுடையதா, தோலில் ஓடும் இரத்தத்தினுடையதா, தசையினுடையதா என ஐயுற்று மீண்டும் மீண்டும் அளந்தார்; தம் மகன் கிளவுசின் தலையையும் விட்டுவைக்கவில்லை. 1929இலேயே முதற் கட்டுரை வெளிவந்தது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவனின் மூளையிற் செக்கனுக்குப் பத்தளவில் எழும் அலை, அவன் கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது என்பதைக் கண்டவரும் அவரே. அதற்கு அல்பா என்று பெயரிட்டார். 1934இல் கேம்பிறிட்ஜில் அட்றியனும் மாத்தியூசும் செய்துபார்த்து உறுதிப்படுத்திய பின்னரே உலகம் நம்பியது. அடுத்த ஆண்டில், கணநேரம் நினைவிழக்கும் வலிப்பு நோயாளரிடத்துச் செக்கனுக்கு மூன்றாக எழும் கூரிய அலைகளை ஹாவட் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பேய் பிடித்தல் என்று ஊரெல்லாம் அஞ்சிய நோயொன்று தாளிற் கோடாக வந்து நின்றது.

ஆனால், அக்காலத்து உளமருத்துவமனைகளில் அடைபட்டிருந்தோருட் பெருந்தொகையினர் வேறொரு நோய்க்கு ஆளானவர்கள். கிரேப்பெலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையறுத்த அந்நோய்க்கு, சூரிச் பேராசிரியர் புளொய்லர் 1908இல் ஸ்கிசோப்ரீனியா என்று பெயரிட்டார். மனச்சிதைவு என நாம் வழங்குவது அதனையே. யாருமற்ற இடத்திற் குரல் கேட்கும். தன் எண்ணங்களைப் பிறர் ஆட்டிவைப்பதாகத் தோன்றும். சிந்தனையின் தொடர் அறும். சிலர் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடப்பர். இறந்த நோயாளரின் மூளையை நுணுக்குக்காட்டியிற் பார்த்தும் தெளிவான அடையாளம் எதுவும் அகப்படவில்லை. பேர்கரின் கருவியும் இங்குக் கைகொடுக்கவில்லை. இது மனச்சிதைவே எனத் துணிந்து கூறத்தக்க தனி அலை எதனையும் அது அன்றும் தரவில்லை, இன்றும் தரவில்லை. பாரம்பரிய ஆராய்ச்சியின் நிலையும் அதுவே. மியூனிக்கில் ஏர்ண்ஸ்ட் ரூடின் என்பார் நோயாளரின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்து 1916இல் வெளியிட்ட நூலில், மெண்டலின் எளிய விகிதங்களுக்கு இந்நோய் இணங்கவில்லை என்பதே தெரியவந்தது.

இவ்வளவு அறியாமையின் மேல் ஒரு சட்டம் எழுந்தது. அதற்கு நிலம் பண்படுத்தியது 1929இன் பொருளாதார நெருக்கடி. ஆலைகள் மூடப்பட்டு இலட்சக்கணக்கானோர் வேலையிழந்த வேளையில், பைத்தியக்காரருக்கு ஏன் சோறிட வேண்டும் என்ற கேள்வி மேன்மக்களின் மண்டபங்களில் எழுந்தது. ஹிட்லர் வருவதற்கு முன்னரே, 1932இல், பிரஷ்ய மாநிலத்தில் இணக்கத்தின் பேரில் மலடாக்கும் சட்ட நகலொன்று தயாராயிற்று. 1933 யூலை 14இல் நாசி அரசு இணக்கம் என்ற சொல்லை நீக்கிவிட்டது. பரம்பரை நோய் எனப் பட்டியலிட்டவற்றுள் மனச்சிதைவும் ஒன்று. மெண்டலின் விகிதம் பொருந்தாததைத் தாமே கண்ட ரூடின், அச்சட்டத்திற்கு உரையெழுதிய மூவருள் ஒருவரானார்! 1945 வரையில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். சத்திரசிகிச்சையின் விளைவாக இறந்தோர் 5,000 வரையினர் என்பர். அவர்களிற் பெரும்பாலார் பெண்கள்.

ஆசிரியத் தொழில் புரிவோர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அக்காலத்து ஜேர்மானியக் கணிதப் பாடநூலொன்றில் ஒரு வினா உண்டு: பைத்தியக்கார மருத்துவமனையொன்றைக் கட்ட 60 இலட்சம் மார்க் செலவாகிறது, அத்தொகையில் 15,000 மார்க் வீதம் எத்தனை வீடுகள் கட்டலாம்? விடை 400. கணக்குச் சரியானது. அக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் எவரும் தம் கையில் இரத்தம் படிந்ததாக எண்ணியிருக்க மாட்டார்.

இனிப் பேர்கருக்கு வருவோம். மலடாக்கும் விண்ணப்பங்களை விசாரிக்கப் பாரம்பரிய நல நீதிமன்றங்கள் நாடெங்கும் நிறுவப்பட்டன. ஒரு நீதிபதியும் இரு மருத்துவரும் கூடித் தீர்ப்பளிப்பர். எதிர்த்து முறையிடுவோருக்கு மேல்நீதிமன்றம் இருந்தது. யேனாவின் மேல்நீதிமன்றத்தில் மருத்துவ உறுப்பினராக அமர்ந்தவர்களுள் பேர்கரும் ஒருவர் என்பதை, சுசன்ன சிம்மர்மன் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் யேனாப் பல்கலைக்கழகத்தின் பழைய ஏடுகளைத் துருவி வெளிக்கொணர்ந்தார். 2014இல் வெளிவந்த ஆங்கில ஆய்வொன்று இதனைப் பலரும் அறியச் செய்தது. அவர் நாசிக் கட்சியில் உறுப்பினரல்லர், ஆனால் எஸ்.எஸ். படைக்கு நிதியளித்து ஆதரிக்கும் உறுப்பினர். 1938இல் அவர் ஓய்வுபெற்றது 65 வயது நிறைந்தமையால், துரத்தப்பட்டமையாலன்று. 1941 மார்ச்சில், இனக்கொள்கை வெறியரான யேனாப் பல்கலைக்கழகத் தலைவர் கார்ல் அஸ்டல் மீண்டும் அந்நீதிமன்றத்தில் அமர அழைத்தபோது, நன்றி கூறி மகிழ்வுடன் இசைந்து எழுதினார். மூன்று மாதம் கழியுமுன், யூன் 1ஆம் நாள், கடும் மனச்சோர்வுற்ற நிலையில் யேனா மருத்துவமனையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநோயாளரின் தகுதியைத் தீர்ப்பிட்டவர் மனநோயாளராக மடிந்தார். இதில் மகிழ எதுவுமில்லை.

எம்மை வியக்கவைப்பது இம்மனிதரின் இரு அளவுகோல்கள். இழையின் நடுக்கம் மூளையினுடையதுதானா எனத் துணிய ஐந்தாண்டுகள் தயங்கியவர், ஒரு மனிதனின் சந்ததியை அறுக்கும் கேள்வியில் அத்தயக்கத்தை ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். அவரை அரக்கர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு செய்தால் அவரையொத்த நூற்றுக்கணக்கான கண்ணியமான பேராசிரியர்கள் தப்பிவிடுவர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த பேர்தோல்ட் கீன், அடுத்த கட்டத்திற்கே சென்றார். கொல்லப்பட வேண்டிய நோயாளரைப் படிவங்களைப் பார்த்தே தேர்ந்தெடுத்த மருத்துவர்களுள் அவரும் ஒருவர். 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஆறு நிலையங்களில் நச்சுவாயுவால் 70,000க்கு மேற்பட்ட நோயாளர் கொல்லப்பட்டனர். அதன்பின் பட்டினியும் மருந்தூசியும் வேலையைத் தொடர்ந்தன.

இப்பழி ஜேர்மனிக்கு மட்டும் உரியதன்று. மலடாக்கும் சட்டம் முதலில் இயற்றப்பட்டது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், 1907இல். சுவீடனும் 1934இல் அவ்வழியிற் சென்றது. எமது அணியினரும் வாய்மூடி இருத்தலாகாது. சோவியத் நாட்டில் அரசை விமர்சித்தோர் சிலர் 'மந்தமான மனச்சிதைவு' என்ற பெயரில் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். அது குறித்த கண்டனம் முற்றியதால் அந்நாட்டு உளமருத்துவர் சங்கம் 1983இல் உலகச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டது. யுத்தத்தின் பின் யேனா அமைந்த கிழக்கு ஜேர்மனியும் பாசிசத்தை வேரறுத்ததாக முழங்கிய நாடே. அங்கும் பேர்கரின் கதை திருத்தப்படவில்லை.

மூளையாராய்ச்சி நின்றுவிடவில்லை. 1974இல் சுவீடனில் இங்வாரும் பிரான்சனும் நீண்டகால நோயாளரின் மூளையில் இரத்தவோட்டத்தை அளந்து, முன்பகுதியின் செயல் ஒப்பீட்டளவிற் குறைந்திருத்தலைக் கண்டனர். 1976இல் இலண்டனில் ஈவ் ஜோன்ஸ்ரனும் துணைவரும் 17 நோயாளரின் மூளைப் படங்களில் உட்குழிகள் விரிந்திருப்பதைக் காட்டினர். 1993இல், குரல் கேட்கும் வேளையில் நோயாளரின் மூளையில் எப்பகுதி விழிக்கிறது என்று பார்த்தபோது, பேச்சை ஆக்கும் புரோக்காவின் பகுதியில் இரத்தவோட்டம் மிகுந்திருந்தது. வெளியிலிருந்து வருவதாக அவன் கேட்கும் குரல் அவனது சொந்தப் பேச்சே என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. பாரம்பரியத்திற்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 2014இன் பேராய்வொன்று மரபணுத் தொகுதியில் 108 இடங்களைச் சுட்டிற்று. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. நோயற்ற எம்மிற் பலரும் அவற்றுட் பலவற்றைச் சுமந்து திரிகிறோம்.

நாசி ஆட்சியில் மலடாக்கப்பட்டோ கொல்லப்பட்டோ போன மனச்சிதைவு நோயாளரின் தொகையை 220,000க்கும் 269,500க்கும் இடைப்பட்டதாக டொறி, யோல்கன் என்ற ஆராய்ச்சியாளர் 2010இற் கணித்தனர். அக்காலத்து ஜேர்மனியில் இருந்த நோயாளருள் நாலில் மூன்று பங்கினரோ எல்லோருமோ இதில் அடங்குவர். அச்சட்டத்தின் தருக்கம் உண்மையாயின், அடுத்த தலைமுறையில் நோய் அருகியிருக்க வேண்டும். யுத்தத்தின் பின் எடுத்த கணக்குகளிற் புதிதாக நோயுறுவோர் தொகை எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தே இருந்தது.

மலடாக்கப்பட்டோர்க்கு மேற்கு ஜேர்மனி 1980இல் தலைக்கு 5,000 மார்க் வழங்க முன்வந்தது. அச்சட்டம் அரசியலமைப்பிற்கு முரணானதென அந்நாட்டு நாடாளுமன்றம் பிரகடனஞ் செய்தது 2007இல். அப்போது அவர்களிற் பெரும்பாலார் உயிருடன் இல்லை.