பல வளையம், ஒரு மோதிரம்



அணிகலன் ஒன்று சாட்சி சொல்லும் கட்டங்கள் என்றதும் நமது இலக்கியத்தில் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, அனுமன் கடல் தாண்டி இலங்கைக்குக் கொண்டுவந்த இராமனின் கணையாழி. மற்றது, கோவலன் மதுரையில் விற்கச் சென்ற கண்ணகியின் சிலம்பு. கணையாழியைச் சீதை சரியாக இனங்கண்டாள். போகவிருந்த உயிர் நின்றது. சிலம்பைப் பொற்கொல்லன் சொற்கேட்டு அரசன் பிழையாக இனங்கண்டான். உயிரும் போயிற்று, ஊரும் எரிந்தது. வெளித்தோற்றத்தில் இரு சிலம்பும் ஒன்றே. உடைத்து உள்ளே பார்த்தபோதுதான் அரசியினதில் முத்தும் கண்ணகியினதில் மாணிக்கமும் இருந்தமை வெளிப்பட்டது.

ஆகவே, ஓர் அணியை இனங்காண்பது நகை வியாபாரிக்கு மட்டும் உரிய அலுவல் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய உரையில், பலரைக் குழப்பும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரே விரலில் ஒரே மோதிரமாகக் கிடந்து, கழற்றினால் இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் வளையங்கள் காட்டும் கோவை மோதிரங்களே அவை.

இவற்றை "இரட்டை மோதிரம்", "மூன்று வளைய மோதிரம்" என்று எண்ணிக்கையால் அழைப்பது வழக்கம். எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். மூன்று வளையமுள்ள இரு மோதிரங்கள், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரு நாடுகளின், இரு நூற்றாண்டுகளின் பிள்ளைகளாக இருக்கலாம். வளையங்கள் எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதே அவற்றின் குலத்தைச் சொல்லும்.

மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துத் தளர விட்டுப் பாருங்கள். வளையங்கள் அடிப்புறத்தில் ஓர் ஆணியில் பொருந்தி, விசிறிபோல விரிந்தால், அது ஐரோப்பாவின் "கிம்மல்" வகை. இரட்டையர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் இது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இதனை அணிந்தார்கள். மூடும்போது இரு கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுபோல் அமைந்தவை உண்டு. மூன்றாவது வளையம் இருந்தால், அந்தக் கைகளுக்குள் ஓர் இதயம் மறைந்திருக்கும். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உட்பக்கம் தட்டையாக இருக்கும். மணவாசகம் அங்கேதான் பொறிக்கப்படும். அணிந்தவர் அறிவார், பார்ப்பவர் அறியார். நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையில் 1631ஆம் ஆண்டு பொறித்த ஒரு ஜேர்மன் மோதிரம் இருக்கிறது. அதைத் திறந்தால் கல்லின் கீழுள்ள குழிகளில் ஒரு புறம் குழந்தை, மறுபுறம் எலும்புக்கூடு. மணநாளில் பிறப்பையும் இறப்பையும் ஒரே விரலில் அணிவித்த காலம் அது.

விரியாமல், ஒன்றன்மேல் ஒன்று உருண்டு வழுக்கினால் அது வேறு வகை. இதில் ஆணி கிடையாது. ஒவ்வொரு வளையமும் மற்ற இரண்டின் ஊடாகவும் செல்லும். பாரிஸ் நகரின் கார்ட்டியே நிறுவனம் 1924இல் மூன்று நிற உலோகங்களில் செய்த மோதிரத்தால் இந்த அமைப்பு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலம் பேசுவோர் இதனை "ரஷ்யத் திருமண மோதிரம்" என்பர். பிரெஞ்சுக் கவிஞர் ஜோன் கொக்தோ தமது சுண்டுவிரலில் இவற்றுள் இரண்டை ஒருங்கே அணிந்திருந்தார்.

நிறத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். செம்பு கூடினால் தங்கம் சிவக்கும். பலேடியம் போன்றவை சேர்ந்தால் வெளிறும். நமது 22 கரட் பவுணில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு தங்கமே. எஞ்சிய சிறு பங்கால் நிறத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. எனவே வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றும் தெளிவாகத் தெரியும் மோதிரம் பெரும்பாலும் 75 பங்கு தங்கமுள்ள 18 கரட்டாகவே இருக்கும். உரைகல்லில் உரைக்குமுன் கண்ணே ஓரளவு சொல்லிவிடும்.

கழற்றியதும் குலைந்து சங்கிலிபோல் தொங்கினால், அது புதிர் மோதிரம். நான்கு வளையமுள்ளவை அதிகம். ஒவ்வொரு வளையத்திலும் ஓரிடம் மட்டும் கோணலாக வளைந்திருக்கும். உரிய வரிசையில் அடுக்கினால் அக்கோணல்கள் சேர்ந்து மேற்புறத்தில் ஒரு முடிச்சாகும். துருக்கியோடு தொடர்புபடுத்தி விற்பனையாளர் ஒரு கதை சொல்வர். கணவன் ஊரில் இல்லாதபோது மனைவி மோதிரத்தைக் கழற்றினால் அது குலைந்து அவளைக் காட்டிக்கொடுக்குமாம். கோர்க்கும் முறையை அரை நாளில் கற்றுவிடக் கூடியவளிடம் இந்தக் காவல் செல்லுமா என்று கதை கட்டியவர் யோசிக்கவில்லை. கண்ணகியை அறிந்த நமக்கு, அணிகலன் பெண்ணுக்காகச் சாட்சி சொன்ன கதையே நெருக்கமானது.

நமது மரபில் என்ன உண்டு? மாதவியின் விரலணிகளைச் சொல்லும்போது இளங்கோ, வாளைமீனின் திறந்த வாய்போல் வளைந்த மோதிரத்தையும், செம்மணி மோதிரத்தையும், வயிரம் சூழ்ந்த மரகத அணியையும் வேறுவேறாகக் காட்டுகிறார். வடிவத்துக்கு ஒரு பெயர் வைத்த சமூகம் நம்முடையது. நெளி மோதிரம் தூரத்தில் பல வளையம்போல் தோன்றினும், வளைத்து நெளித்த ஒரே பட்டைதான். சடங்கில் அணியும் தர்ப்பைப் பவித்திரத்தில் புல்லின் எண்ணிக்கை மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் பிதிர்க் கடனுக்கும் வேறுபடும். அதே முடிச்சைப் பொன்னில் செய்யும் கலைக்குக் கேரளத்துப் பய்யனூர் பெயர்பெற்றது. இவை பிரியா, குலையா. முடிச்சே இவற்றின் அடையாளம். உட்புறத்தைத் திருப்பினால், பொடி வைத்து ஊதி ஒட்டிய தடம் தெரிகிறதா, கம்பி முறுக்கிச் சென்ற வழி தெரிகிறதா என்று பார்க்கலாம்.

இன்னும் நுட்பமான ஒரு பிணைப்பைச் சென்னைத் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் தூண் ஒன்றில் சிற்பி செதுக்கியுள்ளான். மூன்று முக்கோணங்கள், எந்த இரண்டை எடுத்தாலும் அவை கோர்க்கப்படவில்லை, ஆயினும் மூன்றும் சேர்ந்து பிரிக்க முடியாதவை. ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தாமே விலகிவிடும். ஐரோப்பாவில் பொரோமியோ குடும்பத்தின் சின்னத்தில் இருந்த இந்த அமைப்பு நமது தூணிலும் இருப்பதை அருள் லட்சுமிநாராயணன் 2007இல் எடுத்துக்காட்டினார். ரஷ்ய மோதிரத்தில் ஒன்றை வெட்டினாலும் மற்ற இரண்டும் கோர்த்தே நிற்கும். மூன்று வளையத்துக்கும் மூன்று முக்கோணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கொழும்பில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் செட்டியார் தெரு இருக்கிறது. கதிரேசன் கோயில்களும் நகைக்கடைகளும் ஒரே வீதியில் அமைந்த இடம் அது. வெள்ளவத்தையிலோ, 1983க்குப் பின்னரும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின்னரும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. வீட்டையும் காணியையும் தூக்கிவர முடியாது. மடியில் முடிந்துவர முடிந்தது நகை மட்டுமே. அதுவும் அடைவுக்குப் போனது, மீளாதது மூசைக்குள் உருகியது. தராசு நிறையை மட்டுமே அறியும். ஆணியில் விரியும் மோதிரமும், சைவத் திருமணத்தில் கணையாழி எடுத்தலுக்குப் பானை நீரில் இட்ட மோதிரமும், கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் மாற்றிய மோதிரமும் அதற்கு இத்தனை கிராம் என்பதற்கு மேல் வேறில்லை.

1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளையும் வடிவங்களையும் தேடித் தொகுத்து 1908இல் நூலாக வெளியிட்டார். அழிந்துவரும் ஒரு தொழிலுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிவைத்த பணி அது. அவர் எழுதாதிருந்தால் அப்பெயர்களுள் பல தொழிலாளியோடு மறைந்திருக்கும். நமது வீட்டு நகைகளுக்கு அத்தகைய பட்டியல் யார் எழுதினார்கள்?

பெரிய அறிஞர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டியின் பெட்டியில் கோவை மோதிரம் ஒன்று இருந்தால், விற்க நேர்ந்தாலும் பரவாயில்லை, விற்குமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஆணியில் விரிகிறதா, உருள்கிறதா, குலைகிறதா, முடிச்சாக நிற்கிறதா? உட்பக்கத்தில் எழுத்து உண்டா? யார், எந்த ஊரில், எந்த நிகழ்ச்சிக்கு அணிந்தது? கூடவே ஒரு படமும் வரைந்து வையுங்கள். பொன் கைமாறிப் போகும். அந்தத் தாள் பேரப்பிள்ளையின் கைக்கு வந்து சேரட்டும்.