பி.எச்.பி. மொழியும் அப்பாச்சி 2 வழங்கியும்

பி.எச்.பி. நிரல்மொழி அப்பாச்சி 2.0 வலை வழங்கியை ஆதரிக்க வேண்டுமா என்பது, அவ்வழங்கி 2002 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் சில ஆண்டுகள் நீடித்த சர்ச்சை. யுனிக்ஸ் கணினிகளில் அப்பாச்சி 1.3 ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு தனிச் செயல்முறையிடம் ஒப்படைத்தது. 2.0 பதிப்பு இதை நிர்வாகியின் தேர்வுக்கு விட்டது: பிரீஃபோர்க் முறையில் பழைய ஏற்பாடே தொடரும், வொர்க்கர் முறையில் ஒரே செயல்முறைக்குள் பல இழைகள் இணையாக ஓடும். அப்பாச்சி 2.0-உடன் பி.எச்.பி.யை நேரடிப் பயன்பாட்டில் உள்ள வலைத்தளங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று பி.எச்.பி. கையேடு எச்சரித்தது.

எச்சரிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. தரவுத்தளம், படம், எக்ஸ்.எம்.எல். போன்ற வேலைகளுக்குப் பி.எச்.பி. பிறர் எழுதிய சி நூலகங்களையே நம்பியிருக்கிறது. இழைப் பாதுகாப்புக்கான அடுக்கு 2000-இல் வெளியான பி.எச்.பி. 4-இலேயே இருந்தாலும், அது மொழியின் கருவை மட்டுமே காக்கும். நூலகங்களுக்கு அதனால் உத்தரவாதம் தர இயலாது. செட்லோகேல் செயற்கூறு இதற்குத் தெளிவான சான்று. அது மாற்றும் வட்டார அமைப்பு செயல்முறை முழுவதற்கும் பொதுவானது. ஓர் இழை ஜெர்மன் அமைப்புக்கு மாறினால், பக்கத்து இழையில் வேறொருவருக்காகத் தயாராகும் பக்கத்தில் தசமப் புள்ளி காற்புள்ளியாகிவிடலாம். இத்தகைய பிழைகள் நெரிசல் வேளையில்தான் தலைகாட்டும். சோதனைக் கணினியில் அகப்படா. ஆகவே மொழிக்குழுவின் அச்சம் நியாயமானதே.

ஆனால் ஆபத்து இழைகளில் இருந்ததே தவிர, பதிப்பு எண்ணில் இல்லை. யுனிக்ஸில் அப்பாச்சி 2.0-இன் இயல்பிருப்பே பிரீஃபோர்க்தான். அம்முறையில் மேற்சொன்ன சிக்கல் எழுவதே இல்லை. பிரீஃபோர்க்கையே பயன்படுத்துவதானால் 1.3-ஐ விட்டு ஏன் நகர வேண்டும் என்று கேட்கலாம். ஐ.பி.வி.6 ஆதரவு, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்று பதப்படுத்த உதவும் வடிகட்டிகள், வழங்கியுடனேயே வரும் எஸ்.எஸ்.எல். கூறு ஆகியவை இழைகள் இன்றியே கிடைத்த பயன்கள். இவ்விரு முறைகளின் வேறுபாடு எல்லோருக்கும் புரியுமா என்ற ஐயம் இன்னும் கனமானது. ஆயினும் புரியாதோர் கைக்குப் பெரும்பாலும் சேர்வது இயல்பிருப்புதான்; அது பாதுகாப்பானதாகவே இருந்தது. முழுப் பதிப்பையும் விலக்கிவைத்ததால் பலர் பழைய வழங்கியிலேயே தங்கினர். பின்னர் கையேடும் தன் எச்சரிக்கையை இழைமுறைக்கு மட்டும் சுருக்கி, பிரீஃபோர்க்கைப் பரிந்துரைத்தது. தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

நிலையான தீர்வு, மொழியை வழங்கிக்கு வெளியே நிறுத்தியதில் கிடைத்தது. 2010-இல் பி.எச்.பி. 5.3.3-உடன் எஃப்.பி.எம். என்னும் செயல்முறை மேலாளர் சேர்க்கப்பட்டபின், பி.எச்.பி. தனிச் செயல்முறைகளில் இயங்க, வழங்கி எத்தனை இழைகளையும் வைத்துக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான 1.3.42 பதிப்போடு அப்பாச்சி 1.3-இன் பராமரிப்பு முடிந்தது.