மோர்ப் பாக்டீரியா மருந்தான கதை



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் மகனுக்கு 19 வயது. இரண்டு வருடமாகக் கிரோன் நோய். "சார், குடல் புண்ணை ஆற்றுகிற பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், தயிரில் இருக்கிறதுதானாம், இனிமேல் மாத்திரையே வேண்டாமாம் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. உண்மையா சார்?" என்று கேட்டாள். பாதி உண்மை அம்மா என்றேன். அந்தப் பாதி எது என்று போனில் விளக்கி முடியவில்லை. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நோய். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்களும் 1932-ல் எழுதிய கட்டுரையால் முதலாவதற்கு அந்தப் பெயர் வந்தது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் குடலையே தாக்குகிறது. வயிற்று வலி, பேதி, ரத்தப்போக்கு, எடை குறைவு. கொஞ்ச நாள் தணியும், மறுபடி கிளம்பும்.

நுண்ணுயிரே குடலைக் காக்கும் என்ற எண்ணம் புதிதல்ல. முதல் உலகப் போரில் ஒரு பகுதியில் இருந்த படைவீரர்கள் பலரும் சீதபேதியில் விழுந்தபோது ஒருவர் மட்டும் நலமாக இருந்தார். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, 1917-ல் அவர் மலத்திலிருந்து ஒரு ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார். அது இன்றும் சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது இயற்கையாகக் கிடைத்தது. பாக்டீரியாவுக்கு நாமே ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும் காலம் பின்னால்தான் வந்தது.

நம் உடலில் இன்டர்லூக்கின்-10 என்று ஒரு புரதம் உண்டு. சண்டை போடும் செல்களிடம் "போதும், அடங்கு" என்று சொல்வது அதன் வேலை. 1993-ல் ஜெர்மனியின் கொலோன் நகர விஞ்ஞானிகள், இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குத் தீராத குடல் அழற்சி வருவதைக் கண்டார்கள். அப்படியானால் அதையே ஊசியாகப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். பலன் சொற்பம். ஊசி மருந்து உடம்பெல்லாம் பரவுகிறது, புண் இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. அளவைக் கூட்டினால் பக்கவிளைவு.

இங்கேதான் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் லோத்தார் ஸ்டைட்லரும் அவர் குழுவினரும் வேறு விதமாக யோசித்தார்கள். மருந்தைக் குடலுக்கு அனுப்புவதற்குப் பதில், குடலுக்குள்ளேயே மருந்து செய்பவனை அனுப்பினால்? அவர்கள் தேர்ந்தெடுத்தது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். மேல்நாட்டில் பாலாடைக்கட்டியும் மோரும் செய்ய உதவும் பாக்டீரியா அது. நம் தயிரிலும் காணப்படுவதுண்டு. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் 1870-களிலேயே புளித்த பாலிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்ததும் இதைத்தான். தலைமுறை தலைமுறையாக மனிதன் சாப்பிட்டுப் பழகிய உயிர். இதற்குள் இன்டர்லூக்கின்-10 செய்யும் மரபணுவை வைத்தார்கள். ரசாயனத்தால் குடல் புண்ணாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சி பாதியாகக் குறைந்தது. கொலோன் வகை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது நோயே வரவில்லை. 2000-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. மனித மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியா மலத்தோடு வெளியேறி ஆற்றிலும் வயலிலும் பெருகினால் என்ன ஆகும்? அதற்கு 2003-ல் அவர்கள் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ. கட்ட தைமிடின் என்ற பொருள் தேவை. அதைத் தயாரிக்கும் மரபணுவை நீக்கிவிட்டு, அதே இடத்தில் இன்டர்லூக்கின்-10 மரபணுவை வைத்தார்கள். தைமிடின் கிடைக்காத இடத்தில் பாக்டீரியா செத்துவிடும். பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து பழைய மரபணு திரும்பக் கிடைத்தாலும், அது வந்து உட்காரும்போது புதிய மரபணு வெளியேறிவிடும். ஒரே பூட்டில் இரண்டு காவல்.

2006-ல் ஆம்ஸ்டர்டாமில் 10 கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பெரிய தொல்லை எதுவும் இல்லை. பலருக்கு நோயின் வேகம் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கிய குழு அதில் இல்லை. இந்த நோயோ தானாகவே ஏறி இறங்குவது. அதனால் பிறகு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளிடம் வெறும் மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பாதுகாப்பானது என்பது மறுபடி உறுதியானது. ஆனால் இதைச் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி தேறவில்லை.

அதோடு முயற்சி நின்றுவிடவில்லை. 2019-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில், அதே நிஸ்லே பாக்டீரியாவை, குடல் சுவரைக் காக்கும் புரதத்தை வலைபோல் பின்னும்படி மாற்றினார்கள். 2021-ல் பாஸ்டனில், அழற்சி இருப்பதை உணர்ந்து அதற்குத் தகுந்த அளவே மருந்து சுரக்கும் ஈஸ்ட்டைச் செய்தார்கள். இரண்டும் சுண்டெலிகளில் பலன் தந்தன. மனிதர்களின் குடல் அழற்சிக்கு இப்படி மாற்றியமைத்த உயிர் மருந்து எதுவும் இன்னும் அனுமதி பெற்றுக் கடைக்கு வரவில்லை.

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில் இது. அந்தச் செய்தியில் உண்மையான பாதி, அந்த 20 ஆண்டு உழைப்பு. பொய்யான பாதி, "இனி மாத்திரை வேண்டாம்" என்ற வரி. நம் வீட்டுத் தயிருக்கு அந்த மரபணு கிடையாது. தயிர் ஒத்துக்கொண்டால் மகன் சாப்பிடட்டும். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.

பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளை வீட்டில் காட்டாமல் ஒளித்த பிள்ளைகள் உங்களிலும் உண்டு, எனக்குத் தெரியும்! அந்த விஞ்ஞானிகள் ஒளிக்கவில்லை. பலன் இல்லை என்பதையும் சொன்னார்கள். அதனால்தான் அடுத்து வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொண்டார்கள். அந்தப் பையன் காலத்திலேயே நல்ல மருந்து வரும் என்று நம்புகிறேன். அதுவரை கையில் இருக்கும் மருந்து அவனைக் காக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்